முட்டை அட்டையில் எட்டுக் குழி

என் மேசையில் பேனா டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் இருக்கிறது. உள்ளே எஞ்சின் ஆயிலில் ஊறிக்கொண்டு எட்டு டாப்பெட்டுகள், அதாவது எஞ்சினுக்குள் வால்வுகளைத் தூக்கிவிடும் சின்ன இரும்புத் துண்டுகள். வீட்டுக்கு வருகிறவர்களில் இரண்டு பேராவது அதை மாவடு என்று நினைத்திருப்பார்கள். எட்டும் நல்லவை. அடிப்பக்கத்தில் குழி இல்லை, கீறல் இல்லை, மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்தால் எட்டும் தேறும். ஆனாலும் அவை எஞ்சினுக்குள் போகாமல் என் மேசையில் உட்கார்ந்திருப்பதற்குக் காரணம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் காட்டிய சுறுசுறுப்பு. இது நடந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. இன்னும் அந்தப் பாட்டிலைப் பார்த்தால் எனக்குச் சமாதானம் ஆகவில்லை.

ஜீப் மாமாவுடையது. ஏற்காடு மலையில் நாகலூரில் அவருக்குக் கொஞ்சம் காப்பித் தோட்டம். 1972 மாடல் சிஜே 3பி, உயர்ந்த பானட் வைத்த பெட்ரோல் வண்டி. அந்த பானட் உயரமாக இருப்பதற்கே எஞ்சின்தான் காரணம். இன்லெட் வால்வுகள் மேலே ஹெட்டில், எக்ஸாஸ்ட் வால்வுகள் கீழே சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்கில் என்று பாதி பாதியாகப் பிரித்து வைத்த வில்லிஸ் ஹரிக்கேன் எஞ்சின் அது. பழைய எஞ்சினைவிட உயரம் கூடிப்போனதால், 1953-இல் பானட்டைத் தூக்கிக் கட்டினார்கள். அமெரிக்காவில் 1968-லேயே இந்த மாடலை நிறுத்திவிட்டார்கள். நம் ஊரில் மஹிந்திரா அதற்குப் பிறகும் வெகுகாலம் செய்துகொண்டிருந்தது. மாமா போன பிறகு வண்டி தகரக் கொட்டகையில் சில்வர் ஓக் சருகுக்கு அடியில் 11 வருஷம் நின்றது. ஏர் கிளீனருக்குள் எலி குடும்பம் நடத்தியிருந்தது. வண்டியை இழுவை வண்டியில் ஏற்றி, கொட்டச்சேடு குப்பனூர் வழியாகச் சேலத்துக்கு இறக்கினோம்.

"டீசல் எஞ்சின் தூக்கி வெச்சிருங்க" என்று சொல்லாத ஆள் கிடையாது. அந்த வாதத்துக்குள் இப்போது போகவில்லை. எனக்கு அந்தச் சத்தம் வேண்டும், அவ்வளவுதான்.

மூன்று பத்தி நோட்டு

கொண்டலாம்பட்டிப் பக்கம் ஒரு பட்டறை. மேஸ்திரிக்கு அறுபதைத் தாண்டிய வயசு. எனக்குக் கணக்கு எழுதும் தொழில், அதனால் முதல் நாளே ஒரு நீளக் குயர் நோட்டு வாங்கி மூன்று பத்தி கோடு போட்டேன்: போடலாம், மாத்தணும், பார்க்கலாம். எஞ்சினைப் பிரிக்கப் பிரிக்க ஒவ்வொரு பாகமும் ஏதாவது ஒரு பத்தியில் ஏற வேண்டும் என்பது என் திட்டம். மேஸ்திரி நோட்டை ஒரு தரம் பார்த்தார். "எழுதுங்க சார், நல்லதுதான்" என்றார். அவர் எதையும் எழுதி நான் பார்த்ததில்லை.

முதலில் பிளாக். பிஸ்டன் தலையில் 30 என்று குத்தியிருந்தது, அதாவது ஏற்கெனவே ஒருமுறை சிலிண்டரை 30 தவ் பெரிதாக்கிப் போரிங் போட்டிருக்கிறார்கள். தவ் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கம்பெனி அளவு மூன்றே கால் அங்குலத்துக்கு அரைக்கால் குறைவு, சரியாகச் சொன்னால் 3.125. அதோடு 30 சேர்த்தால் 3.155. போர் கேஜை உள்ளே இறக்கினால் நாலாவது சிலிண்டரில், ரிங் மேலே போய்த் திரும்புகிற இடத்தில், இன்னும் 11 தவ் தின்றிருந்தது. எலி குடும்பத்துக்கு முன்னாடியே அந்த ஏர் கிளீனரில் ஆயில் இல்லாமல் மலைத்தூசியைக் குடித்துக்கொண்டு வண்டி ஓடியிருக்கிறது. கூட்டிப் பாருங்கள், 3.166. அடுத்த சைஸ் 40 போட்டால் 3.165-தான். ஒரே ஒரு தவ் பற்றாமல் 40 ஓவர்சைஸ் கைவிட்டுப் போனது. 60 போடலாம். ஆனால் சுவர் அவ்வளவுக்கு மெலியும், மலையேறும்போது தண்ணீர் கொதிக்கும். நாலு சிலிண்டருக்கும் ஸ்லீவ் என்கிற புதுக் குழலை இறக்கி ஸ்டாண்டர்டு சைஸுக்கே வந்துவிடலாம் என்று முடிவானது. அளவுதான் இங்கே முடிவு செய்தது, எங்கள் இரண்டு பேருக்கும் பெரிய வேலை இல்லை.

பிளாக்கில் வெடிப்பு இருந்தால் இந்தக் கணக்கெல்லாம் வீண். எக்ஸாஸ்ட் வால்வு பிளாக்கிலேயே உட்கார்ந்திருப்பதால், வால்வு சீட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் இருக்கிற குறுகிய இடம் சூட்டில் விரிசல் விடும். இந்த எஞ்சின் குடும்பத்துக்கு அது பழகிய நோய். மேஸ்திரி மண்ணெண்ணெயைத் தடவி ஊற விட்டு, சுத்தமாகத் துடைத்துவிட்டு, மேலே சாக்பீஸ் பொடியைப் பூசினார். விரிசல் இருந்தால் அதற்குள் புகுந்த மண்ணெண்ணெய் பொடியை நனைத்துக் கோடு காட்டும். அரை மணி நேரம் நாங்கள் மூன்று பேரும் (பட்டறைப் பையனும் சேர்த்தி) வெள்ளையாய் இருந்த அந்த இடத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தோம். கோடு வரவில்லை. சேலத்துக்காரனுக்கு சாக்பீஸ் உதவாமல் வேறு யாருக்கு உதவும்? சாக் ஹில்ஸ் என்று வெள்ளைக்காரன் பேர் வைத்த மலையில் இருப்பது சாக்கே இல்லை, மேக்னசைட் என்பது வேறு கதை.

பிஸ்டன்கள் சுற்றிவிடும் தண்டான கிராங்கை ஒரு கயிற்றில் தொங்கவிட்டுச் சின்னச் சுத்தியலால் தட்டினார். கோயில் மணி போல நின்று ஒலித்தது. வெடிப்பு இருந்தால் சத்தம் செத்துப் போகும் என்றார். அப்படியும் திருப்தி இல்லாமல் பேரிங் உட்காரும் ஜேர்னல் ஓரங்களில் சாக்பீஸ் சோதனையையும் வைத்தார். நான் புது கிராங்க் தேடலாம் என்றிருந்தேன். அவர் சிரித்தார். பழைய கிராங்கையே 10 தவ் அரைத்து, அண்டர்சைஸ் பேரிங் போட்டால் போதும். அதே மனிதர், பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கான்ராடில், பார்க்க நன்றாக இருந்த போல்ட் எட்டையும் நான் "போடலாம்" பத்தியில் ஏற்றியபோது, பேனாவை வாங்காத குறையாக அடிக்கச் சொன்னார். "போல்ட் நீண்டுருக்கும் சார். உங்க கண்ணுக்குத் தெரியாது. இதுல மிச்சம் புடிச்சீங்கன்னா ராடு பிளாக்கைப் பொத்துக்கிட்டு வெளிய வந்து எட்டிப் பார்க்கும்." கேம் பக்கத்து ஃபைபர் டைமிங் கியர், வாட்டர் ஜாக்கெட்டின் டம்மி பிளக், எக்ஸாஸ்ட் வால்வு நாலு, எல்லாம் விவாதமே இல்லாமல் மாற்றும் பத்திக்குப் போயின. வால்வு ஸ்பிரிங்குகளை ஒரு கண்ணாடித் தகட்டின்மேல் வரிசையாக நிறுத்தி, மேலே ஸ்கேலை வைத்தார். ஒன்று மட்டும் குட்டையாக நின்றது. அதுவும் போயிற்று.

எனக்கு மிகவும் பிடித்தது ஃபிளைவீல் பல்சக்கரம். சுற்றிலும் பல் நன்றாக இருக்க, நேரெதிராக இரண்டு இடத்தில் மட்டும் பற்கள் தேய்ந்து மொட்டையாகிக் கிடந்தன. நான் முதலில் யாரோ அரம் வைத்து ராவிவிட்டார்கள் என்றே நினைத்தேன். காரணம் வேறு. நாலு சிலிண்டர் எஞ்சினை நிறுத்தும்போது ஏதாவது ஒரு சிலிண்டரில் அமுக்கம் எதிர்க்கும் இடத்தில்தான் அது வந்து நிற்கும். அதனால் ஸ்டார்ட்டர் ஒவ்வொரு தடவையும் அதே இரண்டு இடத்தைத்தான் கடிக்கிறது. மாமா எத்தனை காலைகளில் அந்த ஸ்டார்ட்டரை மிதித்திருப்பார் என்று யோசித்துக்கொண்டே நான் "மாத்தணும்" என்று எழுதப் போனேன். மேஸ்திரி வளையத்தைச் சுற்றிலும் சூடு காட்டி, தட்டிக் கழற்றி, கால் சுற்று திருப்பி, மறுபடியும் ஏற்றிவிட்டார். ஸ்டார்ட்டர் கடிக்கும் இடத்துக்கு இப்போது நல்ல பல் வந்துவிட்டது. பத்து நிமிஷ வேலை. இடம் மாறியதால் ஒரு பாகம் பிழைத்தது. அன்றைக்கு நான் அதை ரொம்ப ரசித்தேன். அடுத்த ஞாயிறு என்ன நடக்கப் போகிறது என்று தெரியாது.

அந்த ஞாயிறு

டாப்பெட்டுகளைத் தூக்கிவிடும் மேடுகள் வைத்த தண்டான கேம்ஷாஃப்டை உருவி, டாப்பெட்டுகளை எடுத்து, மேஸ்திரி ஒரு முட்டை அட்டையில் எட்டுக் குழியில் நிறுத்தி வைத்திருந்தார். நாமக்கல் பக்கத்திலேயே இருப்பதால் எங்கள் ஊர்ப் பட்டறைகளில் முட்டை அட்டைக்குப் பஞ்சமில்லை. ஆயிலில் ஊறி, பழுப்பேறி, ஓரம் பிய்ந்த அட்டை. ஒரு ஓரத்தில் சாக்பீஸில் அம்புக்குறி போல ஏதோ கிறுக்கியிருந்தது. மேஸ்திரி ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார், பையன் சாப்பிடப் போயிருந்தான். நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். கணக்குக்காரன் சும்மா உட்கார்ந்தால் ஆபத்து. அழுக்காக இருக்கிறதே, கழுவி வைத்தால் அவர் வந்ததும் அளந்துவிடலாமே என்று, எட்டையும் மண்ணெண்ணெய்ச் சட்டியில் கவிழ்த்துக் கொட்டினேன். பல் தேய்க்கும் பிரஷ் வைத்து ஒவ்வொன்றாகத் தேய்த்தேன். பழைய பேப்பரில் பளபளவென்று அடுக்கினேன். அந்த அட்டையைக் குப்பையோடு போட்டுக் கொளுத்தியும் விட்டேன், பட்டறையைச் சுத்தம் பண்ணுகிறேன் பேர்வழி என்று.

திங்கட்கிழமை காலை மேஸ்திரி வந்து பேப்பரைப் பார்த்தார். திட்டியிருந்தால் பரவாயில்லை. ஒன்றை எடுத்து அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். அதை வைத்துவிட்டு இன்னொன்று. அப்புறம் கேட்டார்:

"சார், எது எந்த ஓட்டையில இருந்துச்சுன்னு தெரியுமா?"

எனக்குத் தெரியவில்லை என்பதைவிட, அது தெரிய வேண்டிய விஷயம் என்பதே அப்போதுதான் தெரிந்தது. இன்லெட்டுக்கு நாலும் ஒரே மாதிரி, எக்ஸாஸ்ட்டுக்கு நாலும் ஒரே மாதிரிதானே இருக்கிறது என்றேன். "ஒரே மாதிரி இருந்துச்சு, புதுசா போட்டன்னிக்கு" என்றார்.

டாப்பெட்டின் அடியும் கேமின் மேடும் எண்ணெய்ப் படலத்தை நடுவில் வைத்துக்கொண்டு உரசுகிற இடத்தில் வருகிற அழுத்தம் எஞ்சினில் வேறெங்கும் வருவதற்குச் சளைத்ததல்ல. பிஸ்டனும் சிலிண்டரும் பார்க்கப் பெரிசு, ஆனால் சுமை பரவி இறங்கும். இங்கே நகக்கண் அகலத்துக்கு ஒரு கோட்டின்மேல் ஸ்பிரிங்கின் முழு பலமும் விழுகிறது. ஆண்டுக்கணக்கில் ஓடும்போது இந்த டாப்பெட்டின் அடி அந்த மேட்டுக்கு ஏற்றபடி தேய்ந்து, இரண்டும் ஒன்றுக்கொன்று பழகிவிடுகின்றன. மூன்றாவது மேட்டுக்குப் பழகியதைத் தூக்கி ஏழாவது மேட்டின்மேல் நிறுத்தினால், உயர்ந்த இடமும் உயர்ந்த இடமும் முட்டி, கெட்டிப்படுத்திய மேல்தோல் உரியத் தொடங்கும். தோல் உரிந்த பிறகு உள்ளே இருக்கும் இரும்பு மிருதுவானது, சீக்கிரமே கேம் மொட்டையாகிவிடும். பட்டறை விதி சுருக்கமானது: பழைய கேமுக்குப் புது டாப்பெட் போடலாம், புது கேமுக்குப் பழைய டாப்பெட் ஆகாது, பழையதோடு பழையது என்றால் அதனதன் இடத்தில்.

என் நோட்டில் டாப்பெட் 8 என்று ஒரே வரியாக எழுதியிருந்தேன், "போடலாம்" பத்தியில். அந்த எட்டுக்கும் எட்டு வரி போட்டிருக்க வேண்டும். தவறு அங்கேதான். நல்ல சாமான், கெட்ட சாமான் என்று பிரிக்கத்தான் எனக்குத் தெரிந்திருந்தது. சரக்கு இருப்புக் கணக்குப் பார்க்கிறவனின் புத்தி அது; கிடங்கில் எட்டு நட்டு என்றால் எட்டு நட்டுதான், எது எந்த அலமாரியில் இருந்தது என்று யாரும் கேட்பதில்லை. மேஸ்திரி பாகத்தைப் பார்க்கும்போதே அது உரசிய இன்னொரு பாகத்தையும் சேர்த்துத்தான் பார்த்தார். மெயின் பேரிங் கேப்பில் நம்பர் குத்தியிருப்பது, ராடும் அதன் கேப்பும் பிரியாமல் கம்பியால் கட்டிக் கிடந்தது, வால்வுகளை ஓர் அட்டையில் ஓட்டை போட்டு வரிசையாகச் செருகியிருந்தது, எல்லாம் என் கண் முன்னால்தான் நடந்தது. நான் அதை அந்த மனிதரின் ஒழுங்கு என்று நினைத்துக்கொண்டேன்.

ஆளுக்கொரு பேச்சு

இதில் என்னை அரிப்பது இன்னொன்று. பக்கத்துப் பட்டறைக்காரர், லாரி எஞ்சினிலேயே கை பழகியவர், விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "இதுக்கா இத்தனை யோசனை? கலந்து போட்டு ஓடுன வண்டி நூறு இருக்கும். ஒண்ணும் ஆகாது, எடுத்து மாட்டுங்க" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. ஒன்றும் ஆகாமலும் போயிருக்கலாம். மேஸ்திரியிடம் கேட்டேன். "ஓடும். ஓடாதுன்னு நான் சொல்லலியே" என்றார். அதற்குமேல் பேசவில்லை. கேம் நல்ல கேம், எட்டு மேட்டிலும் தேய்மானம் 2 தவ்வுக்குள்தான் இருந்தது. அதைப் பணயம் வைக்கிறதா இல்லையா என்பது வண்டிக்காரன் முடிவு. மேஸ்திரி அதை என் தலையில் வைத்துவிட்டு வால்வைச் சீட்டில் தேய்த்துப் பொருத்துகிற லேப்பிங் வேலைக்குப் போய்விட்டார்.

வீட்டுக்கு எடுத்து வந்து இரண்டு ராத்திரி பூதக்கண்ணாடி வைத்து உட்கார்ந்தேன். கேம்ஷாஃப்டையும் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் பழைய துண்டு விரித்துக் கிடத்தினேன். வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை, துண்டை மட்டும் மாற்றச் சொன்னாள். மேட்டில் இருக்கும் தேய்மானத் தடத்தின் அகலத்தையும் டாப்பெட் அடியில் இருக்கும் வட்டத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். மூன்றுக்கு ஓரளவு நிச்சயமாக இடம் சொல்ல முடிந்தது. ஒன்றின் ஓரத்தில் மெல்லிய கோடு, அதே கோடு ஒரு மேட்டிலும். மீதி ஐந்தில் எதைச் சொன்னாலும் அது ஊகம். மூன்றைப் பழசும் ஐந்தைப் புதுசும் போடலாமா என்றுகூடக் கேட்டேன். மேஸ்திரி பதிலுக்கு டீ சொன்னார்.

புது டாப்பெட்டுக்குச் சேலத்தில் ஒரு வாரம் அலைந்தேன். சென்னை புதுப்பேட்டையில் கிடைத்ததெல்லாம் வேறு எஞ்சினிலிருந்து கழற்றியவை, அதாவது என் வீட்டுப் பாட்டிலில் இருப்பதன் அண்ணன் தம்பிகள். கடைசியில் டெல்லி கஷ்மீரி கேட்டிலிருந்து பார்சலில் பத்து வந்தன. புதுசு என்பதற்காக மேஸ்திரி அவற்றை நம்பிவிடவில்லை. ஒவ்வொன்றின் அடியிலும் அரத்தை லேசாக இழுத்துப் பார்த்தார். கெட்டியாக இருந்தால் அரம் வழுக்கும். ஒன்றில் அரம் பிடித்தது, அதைத் தூக்கிப் போட்டார். இன்னொன்று ஓட்டைக்குள் சுகமாக இறங்கவில்லை. பத்து வாங்கினது வீண்போகவில்லை, சரியாக எட்டு தேறின.

அப்புறம் ஸ்டார்ட் பண்ணுகிற நாள். மேடுகளிலும் டாப்பெட் அடியிலும் மாலிப்டினம் பசை. முதல் இருபது நிமிஷம் ஐடிலில் விடக்கூடாது. கேமுக்கு எண்ணெய், கிராங்க் சுற்றுகிற வேகத்தில் வாரி அடித்துத்தான் போகிறது. மெதுவாகச் சுற்றினால் அடிக்காது. ஆக்சிலேட்டரை 2000 சுற்றில் பிடித்துக்கொண்டு ரேடியேட்டர் வாயைப் பார்த்தபடி நின்றது நான். இருபது நிமிஷத்தில் எத்தனை சத்தம் கேட்கும் என்று நினைக்கிறீர்கள்? ஒவ்வொரு டிக்கும் எனக்கு ஏழாவது மேடு உரிகிற சத்தமாகத்தான் கேட்டது. ஆறிய பிறகு மேஸ்திரி வால்வு இடைவெளியை இன்லெட்டுக்கு 18 தவ், எக்ஸாஸ்ட்டுக்கு 16 தவ் என்று ஃபீலர் கேஜ் வைத்து அமைத்தார்.

வண்டி இப்போது இருபது கொண்டை ஊசியையும் இரண்டாவது கியரிலேயே முனகாமல் ஏறுகிறது. ஒண்டிக்கடை ரவுண்டானாவில் நிறுத்தி ரேடியேட்டரைத் தொட்டுப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. நாகலூர் கொட்டகைக்கு முன்னால் நிறுத்தி மாமியிடம் சத்தத்தைக் கேட்க வைத்தேன். "உங்க மாமா ஓட்டறப்ப இன்னும் கொஞ்சம் டக்கு டக்குன்னு கேக்கும்" என்றார். அது டாப்பெட் சத்தம். நான் ஒன்றும் சொல்லவில்லை.

போன மாதம், ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும், பிளாக் பக்கவாட்டிலிருக்கும் வால்வு மூடியைக் கழற்றினோம். டாப்பெட் ஒவ்வொரு தடவை தூக்கப்படும்போதும் கொஞ்சம் தன்னைத்தானே சுற்றிக்கொள்ளும், அப்படிச் சுற்றினால்தான் அடி ஒரே சீராகத் தேயும். மகளிடம் சிவப்பு நகச்சாயம் வாங்கிவந்து எட்டின் உடம்பிலும் ஒரு பொட்டு வைத்தேன், இந்தத் தடவை நோட்டில் எட்டு வரி எழுதிக்கொண்டு. பிளக்கைக் கழற்றிவிட்டு முன்னால் ஹேண்டிலைப் போட்டு பையன் சுற்ற, மேஸ்திரியும் நானும் டார்ச் அடித்துப் பார்த்தோம். பொட்டுகள் ஒவ்வொன்றாகக் கண்ணுக்குத் தெரியாமல் நகர்ந்து மறுபக்கம் போய் மறைந்தன. ஆறாவது மட்டும் ரொம்பச் சோம்பேறி. பையன் கை மாற்றி மாற்றிச் சுற்றியும் அரை வட்டம்தான் போயிருந்தது.

"சுத்துதுல்ல" என்றார் மேஸ்திரி.

"மெதுவா சுத்துது."

"இன்னொரு ஆயிரம் போகட்டும். தொறந்து பார்ப்போம்."

மூடியை மாட்டினோம். நோட்டில் ஆறாவது வரிக்கு நேரே, மூன்றாவது பத்தியில் ஒரு டிக் போட்டேன்: பார்க்கலாம்.